சுற்றுச்சூழல் பாடமும் சேரிப் பிள்ளையின் துடைப்பமும்

ஜூன் மாதம் டெல்டாவில் இரண்டு திறப்புகள். 12ஆம் தேதி மேட்டூர் திறக்குமா என்று ஊரே காத்திருக்கும். அதையொட்டியே பள்ளிக்கூடமும் திறந்துவிடும். மேட்டூர் பல ஆண்டுகள் ஏமாற்றியிருக்கிறது. பள்ளிக்கூடம் அப்படியில்லை, திறந்த முதல் வாரமே ஒவ்வொரு பாடத்துக்கும் விதிமுறைகளை எழுதிப் போட்டுவிடுவார்கள்.

கடைமடையில், சேரித் தெருவில், நாங்கள் சிலர் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதி வரும் இந்த விதிகளை வரிவரியாகப் படிப்பது எங்கள் வழக்கம். கணக்குப் பாட விதிகளில் சாதி ஒளிந்துகொள்ள அவ்வளவு இடமில்லை. சுற்றுச்சூழல் பாடத்தில் தாராளமாக இருக்கிறது.

பிள்ளைகள் எழுதி வந்தது இதுதான். தனி நோட்டு போட வேண்டும். செயல்திட்டம் குறித்த நாளில் வைக்க வேண்டும், தாமதித்தால் மதிப்பெண் குறையும். களப்பயணத்துக்கு வராதவர்கள் காரணம் எழுதித் தர வேண்டும். மாதம் ஒருநாள் தூய்மைப் பணி, அனைவருக்கும் கட்டாயம்.

படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. 'அனைவருக்கும்' என்ற சொல்லில்தான் எங்கள் கண் நின்றது.

இந்தப் பாடம் எப்படி வந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், தோழர்களே. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. மாநிலங்கள் அசைந்து கொடுக்கவில்லை. மீண்டும் வழக்கு, மீண்டும் உத்தரவு. 2004இல், என்.சி.இ.ஆர்.டி. தயாரித்த பாடத்திட்டத்தைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நடைமுறைப்படுத்தச் சொன்னது நீதிமன்றம். இதற்கிடையில் 2001-02இல் தேசிய பசுமைப் படை வந்து பள்ளிதோறும் சூழல் மன்றம் தொடங்கியது. நம் சமச்சீர் பாடநூலில் இது அறிவியலுக்குள்ளேயே இருக்கிறது. பத்தாம் வகுப்பில் 'சுற்றுச்சூழல் மேலாண்மை' என்று ஒரு பாடமே உண்டு. காடு, மண் அரிப்பு, சூரிய ஆற்றல், கழிவுநீர், மின்னணுக் கழிவு எல்லாம் சொல்கிறது. நல்ல பாடம். அந்தக் கழிவுநீரில் யார் இறங்குகிறார்கள் என்ற கேள்விதான் பிள்ளைகளுக்கு வருவதில்லை. வீட்டில் சித்தப்பாவுக்கு அதுதான் வேலை என்றிருக்கிற பிள்ளைக்கு வரும், ஆனால் வாயைத் திறக்க மாட்டாள்.

தூய்மைப் பணி நாளில் நடப்பதைச் சொல்கிறோம். செடி நட, பதாகை பிடிக்க, படம் எடுக்கும்போது முன்னால் நிற்க ஒரு கூட்டம். வகுப்பறை கூட்ட ஒரு கூட்டம். கழிப்பறைப் பக்கம் வாளி தூக்கிப் போக மூன்று நான்கு பேர். அந்த மூன்று நான்கு பேர் எந்தத் தெரு என்று கேட்டுப் பாருங்கள். சாதி பார்த்துப் பிரித்தேன் என்று எந்த ஆசிரியரும் சொல்ல மாட்டார். "அவங்கதான் சார் கூச்சப்படாம செய்வாங்க" என்பார்கள். கூச்சம் யாருக்கு இருக்கலாம், யாருக்கு இருக்கக் கூடாது என்பதை இந்த ஊர் எப்போதோ முடிவு செய்துவிட்டது. "ஏன்ணே, எங்களை மட்டும் ஏன் கூப்பிடுறாங்க?" என்று எங்கள் வகுப்புப் பிள்ளை ஒருத்தி கேட்டாள். பசுமைப் படையிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றும் சொன்னாள். மரம் வளர்ப்பதில் அவளுக்கு இருந்த ஆசையை நாங்கள் அறிவோம்.

வெளியே தெரிந்தவையும் உண்டு. 2022இல் ஈரோடு மாவட்டத்துத் தொடக்கப் பள்ளி ஒன்றில் தலித் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாக வழக்காகி, தலைமை ஆசிரியை வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் கைதானார். ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் வந்து, வீட்டில் விசாரித்தபோதுதான் விஷயமே வெளியே வந்தது. காய்ச்சல் வராத பிள்ளைகளின் கதை என்ன?

பாடநூலில் 'மாசு' என்ற சொல் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. 'தீட்டு' என்ற சொல் ஓரிடத்திலும் இல்லை. ஆங்கிலத்தில் பொல்யூஷன் என்ற ஒரே சொல் இரண்டுக்கும் பொருந்தும், தமிழில் நமக்கு இரண்டு சொற்கள். மாசை அளக்கக் கருவி இருக்கிறது. தீட்டுக்கு அளவு ஊர்த்தெருவின் மனசு. 1927 மார்ச் 20 அன்று மகாட் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் இறங்கித் தண்ணீர் குடித்தார். பிறகு சாதி இந்துக்கள் சாணமும் கோமியமும் பாலும் தயிரும் கலந்து 108 குடம் அந்தக் குளத்தில் ஊற்றிச் 'சுத்தம்' செய்தார்கள். எது மாசு, எது சுத்தம் என்று ஒரு தேர்வுக் கேள்வி வைத்தால், இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்குமா? 2022 டிசம்பரில் பக்கத்துப் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டது. நீர் மாசுபாடு என்ற தலைப்பின்கீழ் இது வராதென்றால் வேறு எதன்கீழ் வரும்?

இன்னொன்று, உணவுச் சங்கிலி. நெல், எலி, பாம்பு, கழுகு. எங்கள் பையன் ஒருவன் எலிக்குப் பக்கத்தில் இன்னொரு கோடு போட்டு 'மனிதன்' என்று எழுதினான். வகுப்பு சிரித்தது. ஆசிரியர் கோடு தப்பு என்று அடித்தார். அறிவியலாகப் பார்த்தால் அவன் எழுதியதில் என்ன தப்பு? அறுவடை முடிந்த வயலில் வங்கு வெட்டி எலி பிடித்து, வாய்க்காலில் நண்டும் நத்தையும் பொறுக்கித்தான் இந்தத் தெரு பல தலைமுறை வயிறு கழுவியது. வளையைப் பார்த்தே உள்ளே நண்டு இருக்கிறதா என்று சொல்லும் பாட்டிகள் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். குருணை மருந்து வந்த பிறகு நண்டு குறைந்துவிட்டது என்று முதலில் சொன்னவர்களும் அவர்கள்தான். அந்த மருந்தை வெறுங்கையால் வயலில் வீசியதும் எங்கள் ஆட்கள்தான். இதெல்லாம் களப்பயணத்தில் எங்கே வருகிறது? பேருந்தில் கல்லணைக்குப் போய்க் கரிகாலன் பெருமையைக் கேட்டுத் திரும்புவதோடு களப்பயணம் முடிந்துவிடுகிறது. சேறு மிதித்தவர்கள் பெயர் தெரியாது, போகட்டும், இன்று வாய்க்கால் தூர் வாருகிறவர் யார் என்றாவது காட்டலாம்.

செயல்திட்டச் செலவு பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. தெர்மகோல் வாங்கிச் சுற்றுச்சூழல் மாதிரி செய்யச் சொல்கிற வேடிக்கையை எல்லோரும் பார்த்திருக்கிறோம். விலை கொடுத்துச் செய்தவனுக்கு முழு மதிப்பெண். வராத நாளுக்குக் காரணம் எழுதச் சொல்லும் விதியும் அப்படித்தான். நடவு நாளில் அம்மாவோடு வயலுக்குப் போய், கைக்குழந்தைத் தம்பியை வரப்பில் வைத்துப் பார்த்துக்கொண்ட பெண், காரணமாக 'காய்ச்சல்' என்று எழுதுகிறாள்.

இவற்றையெல்லாம் எழுதிப் பெற்றோர் கையெழுத்தோடு ஒரு மனு கொடுத்தோம். நாங்கள் கேட்டவை சின்ன விஷயங்கள். கழிப்பறை சுத்தம் பிள்ளைகள் வேலை அல்ல, அதற்குச் சம்பளத்துக்கு ஆள் வேண்டும். மற்ற பணிகளைப் பெயரின் அகரவரிசையில் சுழற்சியாகப் பிரித்துச் சுவரில் ஒட்ட வேண்டும். (நாங்குநேரிக்குப் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, உட்காரும் இடத்துக்கே அகரவரிசை கேட்டிருக்கிறது, துடைப்பத்துக்குக் கேட்டால் என்ன?) செயல்திட்டம் காசில்லாமல் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். வயலில் வேலை செய்த நாளைக் களப்பணியாக எழுதித் தந்தால் ஏற்க வேண்டும்.

அறிவியல் ஆசிரியர் நல்ல மனிதர். கடைசி இரண்டையும் அன்றே ஒப்புக்கொண்டார். "நம்ம பசங்களுக்கு இவ்வளவு தெரியும்னு எனக்கே தெரியாது" என்றார். அவர் சொன்ன 'நம்ம' எங்களுக்குப் பிடித்திருந்தது. நிர்வாகமோ ஆள் போட நிதி இல்லை என்றது. எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டோம், கொடுக்கவில்லை. கழிப்பறைக்குப் பிள்ளைகளை அனுப்பினால் சட்டப்படி போவோம் என்று நாங்கள் எழுத்தில் கொடுத்திருக்கிறோம்.

இப்போது பிள்ளைகள் தங்கள் செயல்திட்டத்தில் இருக்கிறார்கள். ஊர்த்தெருவுக்கும் சேரிக்கும் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்கு நிற்கிறது, ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம், மழை பெய்தால் எந்தத் தெருவில் எத்தனை நாள் நிற்கிறது என்று தினமும் குறிக்கிறார்கள். செலவு ஒரு நோட்டும் ஒரு பேனாவும். விலகுகிறேன் என்றவள்தான் நோட்டை வைத்திருக்கிறாள். ஊர்த்தெருக் குழாயில் போய் நின்று குறிக்க அவளுக்குத் தயக்கம், வகுப்பில் அந்தத் தெருத் தோழி ஒருத்தி நான் குறித்துத் தருகிறேன் என்று வந்திருக்கிறாள். அடுத்த தூய்மைப் பணி நாள் வரும் வெள்ளிக்கிழமை. சுவரில் பட்டியல் ஒட்டியிருக்கிறதா என்று பார்க்கக் காலையிலேயே நாங்கள் போகிறோம்.