மட்டிப் பழத்தை மறைக்காத ஸ்கிரிப்ட்

உலாவிக்குள் ஓடும் சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, வேண்டாத ஆட்களின் பின்னூட்டங்கள் கண்ணில் படாமல் செய்வது நான் பல வருடமாகச் செய்துவரும் வேலை. பிழைப்பு நாகர்கோவிலில் டிடிபியும் கம்ப்யூட்டர் பராமரிப்பும்தான். ஆனால் மனசு ஊன்றிச் செய்வது இதைத்தான். கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகள் முதலில் கேட்பது, "அண்ணே, கெட்ட வார்த்தை லிஸ்ட் இருக்கா?" என்பதே. லிஸ்ட் இருக்கிறது. முதல் வாரத்தில் அதை யார் கையிலும் கொடுப்பதில்லை.

காரணத்தை ஒரு வார்த்தையை வைத்தே சொல்லிவிடலாம். 'மட்டி' என்பது வசவு. அறிவில்லாதவன் என்று பொருள். என்னிடம் வந்த ஒரு பையன் அதைத் தன் லிஸ்டில் சேர்த்துவிட்டான். நம்ம குமரி மாவட்டத்தில் மட்டி என்றால் வாழைப்பழம். கைக்குழந்தைக்கு மசித்து ஊட்டுகிற பழம், 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய பழம். அவன் ஸ்கிரிப்டை ஓட்டியதும் வாழை பயிரிடுகிறவர்கள் எழுதிய உருப்படியான குறிப்புகளெல்லாம் மறைந்துபோயின. பழத்தோடு போகட்டும் என்றால், 'என்னைப் பொறுத்தமட்டில்' என்று தொடங்கி நிதானமாகப் பேசும் பெரியவர்களும் சேர்ந்து மறைந்தார்கள். சொளவில் புடைக்கிறவள் பதரை மட்டும் பார்ப்பதில்லை, கீழே விழுகிற மணியையும் பார்த்துக்கொண்டேதான் புடைப்பாள். அந்தப் பார்வை வந்த பிறகுதான் லிஸ்ட்.

தமிழில் ஒரு சொல்லைப் பிடிப்பது எவ்வளவு வேலை என்று 'நாய்' சொல்லித்தரும். புள்ளியோடு 'நாய்' என்று தேடினால், அதிகம் எழுதப்படும் 'நாயே' தப்பிவிடும். அங்கே புள்ளி போய் ஏகாரம் வந்துவிட்டது. சரி, புள்ளியை எடுத்துவிட்டு 'நாய' வரை தேடலாம் என்று போனால் நாயர் போவார், நாயனார் போவார், விநாயகர் சதுர்த்தி வாழ்த்து மொத்தமும் போகும். திருவிதாங்கூரோடு கிடந்த ஊரில் நாயர் என்ற பெயர் இல்லாமல் பேச்சு ஏது? அடுத்த படியாக, யகரத்துக்குப் பின் ஏதாவது உயிர்க்குறியோ புள்ளியோ வந்தால் மட்டும் பிடி என்று விதி எழுதுவார்கள். நாயரும் விநாயகரும் பிழைத்துக்கொள்வார்கள், நாயுடு மாட்டிக்கொள்வார். கடைசியில் நான் வைத்திருப்பது இதுதான்: புள்ளி, இகரம், ஏகாரம், ஐகாரம் ஆகிய நான்கு குறிகள் மட்டும்; உகரம் வந்தால் அதற்கடுத்து 'ம்' இருக்க வேண்டும்; முன்னால் வேறு தமிழ் எழுத்து ஒட்டியிருக்கக் கூடாது. இதைக்கூட வசவு என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நாய் வளர்ப்பவர்களும் எழுதத்தானே செய்கிறார்கள்!

முன்னால் எழுத்து ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஜாவாஸ்கிரிப்டின் ரெஜெக்ஸில் சொல் எல்லைக்கென்று இருக்கும் குறிக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும்தான் தெரியும். தமிழில் அதை நம்பி இறங்கக் கூடாது. 2018-க்குப் பிந்தைய ஜாவாஸ்கிரிப்டில் யூனிகோட் வகையைச் சொல்லிக் கேட்கும் வசதி இருக்கிறது. அங்கேயும் 'எழுத்து' என்ற வகையை மட்டும் கொடுத்தால் பத்தாது. நம் புள்ளியும் கொம்பும் காலும் யூனிகோட் கணக்கில் எழுத்து அல்ல, 'குறி'. இரண்டு வகையையும் சேர்த்துக் கொடுத்தால்தான் சொல் எங்கே தொடங்குகிறது என்பது சரியாகக் கிடைக்கும்.

எழுத்தைச் சுத்தம் செய்வது அதற்கும் முந்திய வேலை. 'கொ' என்று திரையில் ஒன்றாகத் தெரிவது உள்ளே இரண்டு விதமாக இருக்கலாம்: ககரத்தோடு ஒகரக்குறி ஒன்று, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று மூன்று துண்டு. கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, ஸ்கிரிப்டுக்கு இரண்டும் வேறு வேறு. எனவே எந்த வரியையும் சோதிக்கும் முன் 'நார்மலைஸ்' செய்து என்எஃப்சி வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும், துண்டுகள் ஒன்றாகிவிடும். அடுத்து, அகலமே இல்லாத குறிகளை உதறிவிட வேண்டும். சில தட்டச்சு மென்பொருள்கள் அவற்றை இடையில் விட்டுவிடும்; விவரமான சில்மிஷக்காரர்கள் வேண்டுமென்றே செருகுவார்கள்.

நார்மலைஸ் தீர்க்காத விஷயங்களும் உண்டு. ஸ்ரீ இரண்டு விதமாக உள்ளிடப்படுகிறது. அதை நாமேதான் ஒன்றாக்க வேண்டும். ஔவையாரை ஒகரமும் ளகரமும் போட்டு 'ஒளவையார்' என்று எழுதுவோர் ஏராளம். அதை மாற்றப் போய் 'ஒள' வருமிடமெல்லாம் 'ஔ' என்று ஒரே போடாகப் போட்டால் 'ஒளி' உடைந்துவிடும். ளகரத்தை அடுத்து உயிர்க்குறியோ புள்ளியோ வராத இடத்தில் மட்டும் மாற்றுங்கள். காலுக்குப் பதில் ரகரம், ககரத்துக்குப் பதில் தமிழ் எண் ஒன்று, இப்படி உருவம் ஒத்ததை வைத்து ஏய்ப்பவர்களுக்கு ஒரு தனி அட்டவணை வேண்டும். அதை வசவுச் சொற்களைச் சோதிக்கும்போது மட்டும் பயன்படுத்துங்கள். பொதுவாக ஓடவிட்டால் நல்ல தமிழே சிதையும்.

இத்தனை பொறுமை எனக்கு வந்தது எனக்குத் தொழில் சொல்லித்தந்த அண்ணாச்சியிடமிருந்து. கோட்டாறு பக்கம் அச்சாபீஸில் எழுத்துக் கோர்த்துப் பழகி, பிறகு டிடிபிக்கு வந்தவர். கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட் என்ற ஒன்றை அவர் பார்த்ததே இல்லை. புரூஃப் பார்க்கும்போது வரிக்கு அடியில் அடிக்கோலை வைத்து, கோலை ஒவ்வொரு வரியாக இறக்குவார். அடுத்த வரி தெரியாது, அதனால் கண் முந்தி ஓடாது. பிழையான சொல்லைக் கறுப்பாக அப்பி அழிக்க விடமாட்டார். மெல்லிய ஒற்றைக் கோடு, அவ்வளவுதான். "அடிக்கிற வார்த்தைய வாசிக்க முடியணும் மக்கா. நாளைக்கு அதுதான் சரின்னு தெரிஞ்சா எங்க போயித் தேடுவே?" என்பார்.

என் ஸ்கிரிப்ட் மொத்தமும் அந்தக் கோட்டில்தான் நிற்கிறது. வேண்டாத பின்னூட்டத்தை நான் பக்கத்திலிருந்து நீக்குவதில்லை. அந்தப் பெட்டிக்கு ஒரு கிளாஸ் பெயரை மட்டும் சேர்க்கிறேன். ஸ்டைல் விதி அதைச் சுருக்கி மங்கலான ஒரு வரியாக்கும். எந்த விதியால் மறைந்தது என்பது அந்த வரியில் இருக்கும், சொடுக்கினால் விரியும். நீக்கினால் வேறு தொல்லையும் உண்டு. அதற்குக் கீழே பதில் எழுதிய நல்ல மனிதர்கள் அந்தரத்தில் நிற்பார்கள், தளத்தின் சொந்த ஸ்கிரிப்ட் தன் பெட்டியைத் தேடித் தடுமாறும்.

பக்கம் வந்து சேர்ந்ததும் ஒருமுறை ஓட்டினால் முன்பு போதும். இப்போது கீழே உருட்ட உருட்டப் புதிது புதிதாக வருகிறது. அதற்கு மியூட்டேஷன் அப்சர்வரை வைக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் கவனிக்கச் சொல்லாதீர்கள், மெஷின் திணறும். பின்னூட்டங்களைத் தாங்கும் தாய்ப்பெட்டியை எஃப்12 அழுத்திக் கண்டுபிடித்து அதை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். வந்து சேரும் கணுக்களை மட்டும் கேளுங்கள், கிளாஸ் மாற்றத்தைக் கேட்காதீர்கள். கேட்டால் நீங்கள் போட்ட கிளாஸே மறுபடி அழைப்பாக வந்து நிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு, சொல்லைப் பிடிப்பது இரண்டாம் பட்சம் என்பதே என் கட்சி. ஆளைப் பிடிக்க வேண்டும். பெயரை வைத்தும் பிடிக்கக் கூடாது, பெயரை யாரும் போட்டுக்கொள்ளலாம். தமிழ் வலைப்பதிவின் தொடக்க காலத்தில், காசி ஆறுமுகத்தின் தமிழ்மணம் திரட்டி 2004-இல் வந்த பிறகான அந்த நெருக்கமான வருடங்களில், பதிவர் டோண்டு ராகவன் பெயரிலும் படத்திலும் போலி ஒருவர் உலவினார். ராகவன் வாசகர்களுக்குச் சொன்ன வழி 'எலிக்குட்டி சோதனை': பெயரின் மேல் மவுஸை வைத்துப் பாருங்கள், உலாவியின் அடியில் தெரியும் பிளாக்கர் எண் என்னுடையதா என்று சரிபாருங்கள் என்றார். என் ஸ்கிரிப்ட் செய்வதும் அதையேதான். பெயருக்குப் பின்னால் இருக்கும் சுட்டியைப் படித்து, அதிலுள்ள எண்ணை எடுத்து, சேமித்த பட்டியலோடு ஒப்பிடுகிறது. எண்ணைப் பட்டியலில் ஏற்றுவது என் கை. ஸ்கிரிப்டாக யாரையும் ஏற்றாது.

ஊர்ப் பெயர், சாதிப் பெயர், மதப் பெயர் எதையும் விதியில் வைக்க விடமாட்டேன். மண்டைக்காடு என்ற பெயரைச் சொல்லி 1982 மதக் கலவரத்தைக் கிளறிச் சண்டை மூட்டுவோர் இருக்கிறார்கள். அதே பெயரைச் சொல்லித்தான் அங்குள்ள கோயிலின் மாசிக் கொடைக்குப் போய்வந்தவர்கள் பேசுகிறார்கள். மேலாடை உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்தைப் பேச வேண்டுமென்றால் சாதிப் பெயர் வரத்தான் செய்யும். அந்தப் பேச்சு மறையக் கூடாது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு.

கருவிகளைப் பற்றிக் கொஞ்சம். ஆரன் பூட்மேன் ஃபயர்பாக்ஸுக்காக எழுதிய கிரீஸ்மங்கி என்ற நீட்சிதான் இந்தத் தொழிலுக்கு ஆதி. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய நீட்சிகள் நின்றன, கிரீஸ்மங்கியும் தன் கட்டளைகளை மாற்றிக்கொண்டது. சேமித்த பட்டியலைப் படிக்கும் வரியெல்லாம் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. இப்போது டாம்பர்மங்கி, வயலண்ட்மங்கி எதுவானாலும் சரி. குரோமில் யூசர் ஸ்கிரிப்டுக்கு அனுமதி கொடுக்கும் பொத்தானை நீட்சியின் விவரப் பக்கத்தில் நாமே போட வேண்டும். பிள்ளைகள் இதை விட்டுவிட்டு ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்று அழைக்கிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸ் போடுங்கள், குரோமில் அங்கே நீட்சி ஏறாது.

முதல் வாரத்து வேலை இது. ஏதாவது ஒரு பக்கத்தின் பின்னூட்டங்களை டெக்ஸ்ட் ஃபைலில் ஒட்டி, வரி வரியாக வாசித்து, எதை மறைப்பீர்கள், ஏன் என்று பக்கத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள். ஸ்கிரிப்ட் எழுதத் தொடங்கியபின் மறைந்தவற்றை மட்டும் ஞாயிறுதோறும் விரித்துப் படியுங்கள். நான் இன்றும் படிக்கிறேன்.

ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களிடம் மட்டும் என் விதிகள் தோற்கின்றன. 'நாய்' ஒன்றையே அவர்கள் மூன்று விதமாக எழுதுகிறார்கள், அதில் ஒன்று முறையான ஆங்கிலச் சொல். இப்போதைக்கு அந்த ஆட்களை எண்ணை வைத்து மட்டுமே பிடிக்கிறேன். எண் இல்லாமல் வருகிறவர்கள் அப்படியே தெரிகிறார்கள். யாராவது இதில் உட்கார்ந்து பார்க்கத் தயாரென்றால், நான் சேர்த்து வைத்திருக்கும் மாதிரி வரிகளின் ஃபைலைத் தருகிறேன்.