வெண்ணந்தூரும் விதேசி மூலதனமும்

வெண்ணந்தூருக்குள் நுழைந்ததும் நம்மை வரவேற்பது தறிச் சத்தந்தான். தெருவெல்லாம் நெசவு, அருகே அலவாய்மலை. வடக்கே சில மைல் தூரத்தில் கஞ்சமலை. அன்னிய முதலாளிகளை ஒரு நாடு எதனால் கவர்கிறது என்று கேட்போமானால், அந்த மலையே விடை கூறும்.

கம்பெனி உத்தியோகஸ்தராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர், 1830-ஆம் ஆண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் ஜில்லாவின் உயர்ந்த இரும்புத் தாது, கரிக்கு வேண்டிய காடுகள், சொற்பக் கூலி, பக்கத்திலேயே கடற்றுறை, எல்லாவற்றுக்கும் மேலாகக் கம்பெனி சர்க்கார் அளித்த கடனும் சலுகையும் அவரை இழுத்தன. ஆனால் உலைகளின் பசிக்குக் கரி போதவில்லை. கை மாறியும் ஆலை நிலைக்கவில்லை. அந்த நூற்றாண்டு முடியுமுன்பே உலைகள் அவிந்தன. காடுகளை இழந்தது நம் ஜில்லா.

சுதந்திரத்துக்குப் பின், 1965-இல், இத்தாலியக் கூட்டுறவுடன் மேட்டூரில் அலுமினியத் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கிற்று. சேர்வராயன் மலையின் பாக்ஸைட் இயற்கை தந்தது; மின்சாரமோ, 1934-இல் பொதுப் பணத்தால் கட்டி முடித்த அணை தந்தது.

ஆகவே, தாதுவும் மலிந்த கூலியும் மட்டும் ஒரு நாட்டின் கவர்ச்சியாகா. தடையில்லா மின்சாரம், நல்ல சாலை, தேர்ந்த தொழிலாளர், நிலையான சட்டம் ஆகியவையே நீடித்த கவர்ச்சி. வெண்ணந்தூர் நெசவாளியைக் கேளுங்கள். தறியில் தம் சேமிப்பை முடக்கிய அவரும் இவற்றையே வேண்டுவார். அவருக்கு நன்மையாக நாம் அமைக்கும் நாடே அன்னியரையும் அழைக்கும். வந்தவர் நம் காட்டை விழுங்காதபடி காக்கவும் வல்லதாகும்.