முகமும் சொல்லும்

பொன்னியின் செல்வன் படங்கள் (முதல் பாகம் 2022, இரண்டாம் பாகம் 2023) பற்றித் திருச்சியில் கேட்ட பேச்செல்லாம் ஒரே கேள்வியில் நின்றுவிட்டது: இவர் வந்தியத்தேவன் மாதிரி இருக்கிறாரா? கல்கியைப் படித்ததையே பால்ய வியாதிபோல் மறைத்துக்கொள்வது நம் வட்டத்து வழக்கம். நடிகர்கள் என்று வந்ததும் நம்மவர்கள் கேட்டதும் இதையேதான்.

எது மாதிரி? 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்தபோது மணியம் வரைந்த படங்கள் மாதிரி. பைண்டு செய்த அந்தப் பக்கங்களில் வளர்ந்தவர்களுக்குக் குந்தவையின் கொண்டை மணியத்தின் கோடு. பிறகு வேறு ஓவியர்களின் படங்களோடு படித்தவனுக்கு வேறு கொண்டை. ஆக, நடிகரை நாவலோடு அல்ல, ஓவியத்தோடு ஒப்பிடுகிறோம். இது விமர்சனமல்ல, ஆள் அடையாளம் காட்டுவது.

ஸ்ரீரங்கத்தில் வேறொரு அளவுகோல் இருக்கிறது. அத்யயன உத்ஸவத்தில் அரையர் முத்துக்குறி அபிநயிக்கும்போது தாய், மகள், குறி சொல்கிறவள் மூவரும் அவரே. தலையில் அதே கூம்புக் குல்லாய். அவர் மகள் மாதிரி இருக்கிறாரா என்று யாரும் கேட்பதில்லை. சொல் அந்த உடம்பின் வழியாக வந்து சேருகிறதா என்பதே கேள்வி.

இதைக் கையிலெடுத்தால் தீர்ப்புகள் இடம் மாறுகின்றன. ஜெயராமுக்குக் குடுமி, நாமம், தடி மூன்றும் பொருந்துகின்றன. ஆனால் நாவலின் ஆழ்வார்க்கடியானுக்கு ஒற்று வேலைக்கும் பாசுரத்துக்கும் ஒரே தொண்டை. எது வேஷம் என்று பிரிக்க முடியாது. படத்தில் ஒற்றன் மிஞ்சுகிறான், பக்தி பெரும்பாலும் சிரிப்புக்குப் போய்விடுகிறது. வந்தியத்தேவனில் பாதி, கதை சொல்லும் கல்கியின் குறும்பு. அதைத் தன் பேச்சுக்குள் வாங்கிக்கொண்டதுதான் கார்த்தியின் வெற்றி, மீசையல்ல.

ஐஸ்வர்யா ராயின் நந்தினிக்குக் குரல் இன்னொருவருடையது. முகம் ஓரிடத்தில் நிற்க, சொல் வேறிடத்திலிருந்து வருகிறது. அவரே செய்த ஊமை ராணியில் இந்தப் பிளவு இல்லை. பேச முடியாதவளிடம்தான் அவர் முழுசாக இருக்கிறார்.

விக்ரம் அடையாள அணிவகுப்பில் முதலிலேயே தோற்கவேண்டியவர். கரிகாலன் வாலிபன், படம் வந்தபோது இவருக்கு வயது 56. ஆனால் கடம்பூர் மாளிகையில் நந்தினிக்கு எதிரே நிற்கிறபோது வயதைப் பற்றிய நினைப்பே எழவில்லை. கரிகாலனைக் கொன்றது யார் என்பதைக் கல்கி மூட்டமாக விட்டார். உடையார்குடிக் கல்வெட்டு ரவிதாசன் முதலானோரின் பெயர்களைச் சொல்கிறது. விக்ரமுக்கு அந்தத் துப்பறியும் வேலையில் அக்கறையில்லை. சாவதற்கென்றே வந்தவனாக நடிக்கிறார். நாவலில் கோபமாகவும் வதந்தியாகவும் சிதறிக் கிடந்தவன் ஒரு மனிதனாகத் திரள்கிறான்.

இது நடிப்பு மட்டுமல்ல, கல்கியை வாசித்த ஒரு வாசிப்பும்கூட. நம்மில் பெரும்பாலோர் கல்கியை நிராகரித்தோம்; வாசித்து நிராகரித்தவர்கள் கொஞ்சம்தான். ரஸிகன் மணியத்தின் கோட்டைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறான், நாம் நம் அலட்சியத்தை. இரண்டுமே புஸ்தகத்தைத் திறக்காமல் செய்யக்கூடிய காரியங்கள். கரிகாலனைப் பற்றி விமர்சகர்கள் எழுதியிருக்கவேண்டிய ஒரு பக்கத்தை ஒரு நடிகர் நடித்துக் காட்டியிருக்கிறார். அதற்குப் பதில் சொல்லவாவது நாவலை மறுபடி படிக்கவேண்டும்.