மாத்திரையா, மின்னஞ்சலா?

"மாப்பிள்ளை ஹனிமூனுக்கு எங்கே கூட்டிட்டுப் போறார்?"

நிச்சயதார்த்தம் முடிந்ததிலிருந்து என்னிடம் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இதுதான். பெரியம்மா, அலுவலகத் தோழிகள், பிளவுஸ் தைக்கும் அக்கா என்று ஒருவர் பாக்கியில்லை. இந்த வாக்கியத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். ஆண் கூட்டிப் போகிறவர், பெண் கூட்டிப் போகப்படுகிறவள். "நீ மாப்பிள்ளையை எங்கே கூட்டிட்டுப் போறே?" என்று யாரும் கேட்பதில்லை. இத்தனைக்கும் எங்கள் பயணத்துக்கு ஊரைத் தேர்ந்தெடுத்தது நான். செலவில் சரிபாதி என் சம்பளம். விமானம், ரயில், தங்குமிடம், விசா, படகு என்று கூகுள் ஷீட்டில் நாற்பது வரிசைக்கு மேல் நிரப்பியதும் நான்தான்.

தமிழர்களுக்குத் தேனிலவு என்றால் குளிர் வேண்டும். 1961இல் ஸ்ரீதர் 'தேன் நிலவு' படத்தைக் காஷ்மீரில் எடுத்தார். காஷ்மீர் கட்டுப்படியாகாதவர்களுக்கு ஊட்டியும் கொடைக்கானலும் இருக்கின்றன. ஆனால், கோடையில் அந்த மலைகள் படும்பாடு தெரிந்ததுதான். 2024 மே 7 முதல் இரண்டு ஊருக்கும் இ-பாஸ் எடுத்துக்கொண்டுதான் போக வேண்டும் என்று ஆகிவிட்டது. எனக்கோ கடல் வேண்டும். வைகாசிக் கடைசியில் கல்யாணம். அதன்பிறகு எந்தக் கடலுக்குப் போவது? ஜூன் பிறந்தால் கேரளாவில் மழை, அடுத்து கோவாவில் மழை. அந்தமானில் அதற்கும் முன்பே தொடங்கிவிடும்.

மழை வரைபடத்தை வைத்துத் தேடியபோதுதான் திருகோணமலை கிடைத்தது. தென்மேற்குப் பருவமழையை இலங்கையின் நடுவிலிருக்கும் மலைகள் தடுத்துவிடுவதால், கிழக்குக் கரைக்கு மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். கடல் குளம்போல் கிடக்கும். நகரத்துக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் நிலாவெளி. அங்கிருந்து கடலுக்குள் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டரில் புறாத்தீவு. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட சின்னஞ்சிறு தீவு. சுற்றிலும் பவளப்பாறைகள். சென்னையிலிருந்து கொழும்புக்கு ஒன்றரை மணி நேர விமானம், அங்கிருந்து இரவு ரயில். மொழிப் பிரச்சினையும் இல்லை.

அப்பா மட்டும் தயங்கினார். "அது செய்தியில வர்ற ஊரும்மா. ஹனிமூன் போற ஊரா?" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. 2004 ஆழிப்பேரலை அந்தக் கரையை அடித்துப் போட்டது. 2006 ஜனவரி 2 அன்று திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதெல்லாம் தெரிந்தேதான் போகிறோம், தெரியாதவர்கள்போலப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு வர மாட்டோம் என்று அப்பாவிடம் சொன்னேன். இணையருக்கும் அதில் உடன்பாடு. ஊர் முடிவாயிற்று.

நாள்தான் முடிவாகவில்லை.

எங்கள் முகூர்த்த நாளே என் 'நாளை'க் கேட்டுத்தான் குறிக்கப்பட்டது. ஜோசியர் மூன்று தேதி கொடுத்தார், அம்மா காலண்டரைப் பார்த்து இரண்டைக் கழித்தார். மணமகனிடம் அப்படிக் கேட்க ஒன்றும் இல்லை. அடுத்த எல்லைக்கோடு ஆடி. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போய்விடுவார்கள். ஆடியில் கருத்தரித்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். கல்யாணம் ஒரு காலண்டர், ஆடி ஒரு காலண்டர். இரண்டும் என் கர்ப்பப்பையைச் சுற்றித்தான் ஓடுகின்றன. "ஆடிக்கு முன்னாடி போயிட்டு வந்துடுங்க" என்றார்கள் இரு வீட்டிலும்.

இணையருக்கு ஜூலை முதல் வாரம் விடுப்பு கிடைத்திருந்தது. எனக்கு ஜூலை 3ஆம் தேதி மாதவிடாய் வர வேண்டும். எனக்கு முதல் இரண்டு நாளும் வலி உண்டு. இடுப்பிலிருந்து முழங்கால்வரை இழுக்கும், ஒரு வேளையாவது வாந்தி வரும். அந்த நிலையில் இரவு ரயிலிலும் படகிலும் போக முடியாது. ஒரு வாரம் தள்ளி, 9ஆம் தேதி கிளம்பலாம் என்று சொன்னேன். அப்போதும் ஆடி பிறக்க முன் திரும்பிவிடலாம்.

"எதுக்கும்மா தள்ளணும்? மாத்திரை இருக்கே" என்றார் அத்தை. என் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுகிறேன். அவர் கெட்டவர் இல்லை. எனக்காகத்தான் யோசித்தார். "கோணேஸ்வரம் கோயில் இருக்கிற ஊரு. அவ்வளவு தூரம் போய் உள்ளே போகாம வர முடியுமா? அதுவுமில்லாம, ஹனிமூன் போய் அஞ்சு நாள் ஒதுங்கி உட்கார்ந்தா அவனுக்குத்தான் எப்படி இருக்கும்?" என்றார். அம்மாவும் ஆமோதித்தார். கோயில் ஒன்று, மகன் ஒன்று என்று இரண்டு காரணம் சொன்னார்கள். என் வலி இரண்டிலும் இல்லை.

அந்த மாத்திரையின் பெயர் நோரெதிஸ்டிரோன். மாதவிடாய் வரவேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்கி, வழக்கமாக நாளுக்கு மூன்று வேளை போட வேண்டும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் ரத்தப்போக்கு தொடங்கும். தலைவலி, குமட்டல், மார்பில் வலி சிலருக்கு வரலாம். ரத்தம் உறைதல் பிரச்சினை இருந்தவர்களும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் எடுக்கக் கூடாது. ஆகவே மருத்துவரைப் பார்க்காமல் போடக் கூடிய மாத்திரை இல்லை. ஆனால், நம் வீடுகளில் கிரகப்பிரவேசம், காதுகுத்து, சபரிமலைக்கு மாலை போட்ட வீடு என்று எதற்கெடுத்தாலும் பெண்கள் கைமாற்றிக்கொள்கிற மாத்திரை அது. தேர்வு, விளையாட்டு, பயணம் என்று தன் தேவைக்காக ஒரு பெண் மருத்துவரிடம் கேட்டுப் போட்டுக்கொண்டால் அது அவள் உரிமை. நான் மாத்திரைக்கு எதிரி இல்லை. யாருடைய வசதிக்காக என்பதுதான் என் கேள்வி.

இணையரிடம் பேசினேன். அப்போது இருவரும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் அழைத்துக்கொண்டோம்.

"லீவை ஒரு வாரம் தள்ளி வெச்சுக்க முடியுமா?"

"மேனேஜர்கிட்ட ஏற்கெனவே சொல்லிட்டேனே. இப்போ மாத்தணும்னா என்ன காரணம் சொல்றது?"

"என்ன காரணம் கேட்பார்?"

அவரிடம் பதில் இல்லை. சங்கடப்பட்டார் என்பது குரலிலேயே தெரிந்தது. "அம்மா ஏதோ மாத்திரைன்னு சொன்னாங்களே, அது சிரமமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

அந்தக் கேள்வியில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஒரு பக்கம், பல நாளுக்கு என் உடலின் ஹார்மோனை மாற்றி, ரத்தப்போக்கை நிறுத்தி வைப்பது. இன்னொரு பக்கம், மேலதிகாரிக்கு நான்கு வரி மின்னஞ்சல் எழுதுவது. முதலாவது எளிது, இரண்டாவது கஷ்டம் என்று என் வீடு, அவர் வீடு, படித்தவரும் பண்பானவருமான அவர் என எல்லோரும் இயல்பாக நம்பினார்கள். எனக்கும் அலுவலகம் இருக்கிறது, என் விடுப்பையும் மாற்ற வேண்டியிருக்கும் என்பது யார் நினைவிலும் இல்லை. பெண்ணுடைய உடல் எப்படி வேண்டுமானாலும் வளையும், ஆணுடைய அலுவலகக் காலண்டர் அசையாது.

நான் சண்டை போடவில்லை. இப்போது எழுதியிருப்பதை அப்படியே அவரிடம் சொன்னேன். "மாத்திரை போடுறதுல என்னென்ன நடக்கும்னு படிச்சுப் பாருங்க. மெயில் அனுப்புறதுல என்ன நடக்கும்னு யோசிச்சுப் பாருங்க. அப்புறம் நாளைக்குப் பேசலாம்" என்றேன். மறுநாள் காலை பதினோரு மணிக்கு அவரிடமிருந்து ஒரு திரைப்படம் வந்தது, அலைபேசியில் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டைத்தான் சொல்கிறேன். மின்னஞ்சலில் காரணம் எதுவும் எழுதவில்லை. தேதி மாற்றம் வேண்டும் என்று மட்டும் கேட்டிருந்தார். 'சரி' என்று ஒற்றைச் சொல்லில் பதில் வந்திருந்தது.

அத்தையிடம் அவரே பேசினார். "நாங்க 9ஆம் தேதி போறோம்மா" என்றார். 'அவள் சொன்னாள்' என்று சொல்லவில்லை, 'நாங்க' என்றார். மகன் சொன்னதும் அத்தை ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. நான் சொன்னபோது மாத்திரை, மகன் சொன்னபோது சம்மதம் என்பது உறுத்தத்தான் செய்தது. அதையும் அவரிடம் சொல்லி வைத்தேன்.

தேதிக்குப் பிறகு பேச வேண்டியது இன்னொன்று இருந்தது. அவருடைய நண்பர்கள் குழுவில் ஹனிமூன் பற்றி ஓடிய கிண்டல்களைப் பற்றி அவரே சொன்னார். என் பக்கத்திலும் அறிவுரைகள் குறைவில்லை. "அவர் மனசு கோணாம நடந்துக்கோ" என்றார் பெரியம்மா. அதன் அர்த்தம் எல்லாப் பெண்களுக்கும் தெரியும். பாரதிய நியாய சன்ஹிதாவின் 63ஆம் பிரிவு பாலியல் வல்லுறவை வரையறுக்கிறது. அதிலுள்ள விதிவிலக்குப்படி, பதினெட்டு வயது நிறைந்த மனைவியிடம் கணவன் நடத்துவது அந்தக் குற்றத்தில் சேராது. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்த விதிவிலக்கை, 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் நீக்கவில்லை. அதாவது, மனைவி சொல்லும் 'வேண்டாம்' என்ற சொல்லுக்கு அந்த இடத்தில் மதிப்பில்லை. சட்டம் தராததை நாம்தான் வீட்டுக்குள் பேசி உருவாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"இத்தனை நாள்ல இது நடந்தாகணும்னு எதையும் முடிவு பண்ண வேண்டாம். ரெண்டு பேருக்கும் தோணினா பார்க்கலாம். ஒருத்தர் வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு கேட்கக் கூடாது" என்றேன். கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தார். பிறகு, "எனக்கும் பயமாத்தான் இருந்தது. யார்கிட்டயும் சொல்ல முடியலை" என்றார். கூட்டிப் போகிறவர் என்ற வேடம் ஆண்களுக்கும் சுமைதான் போலிருக்கிறது. அன்றிலிருந்துதான் எங்களுக்குள் 'நீங்க' போய் 'நீ' வந்தது.

டிக்கெட் போடும்போது கடைசியாக ஒரு சின்னப் பஞ்சாயத்து. கல்யாணம் ஆகிவிட்டால் பாஸ்போர்ட்டில் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று உறவினர் ஒருவர் உறுதியாகச் சொன்னார். அப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருந்தால் போதும். என் இனிஷியலோடுதான் போனேன், அதே இனிஷியலோடு திரும்பி வந்தேன்.

திருகோணமலையில் கச்சான் காற்று சூடாக வீசியது. பிரட்ரிக் கோட்டைக்குள் மான்கள் ஆட்டுக்குட்டிகளைப்போல வழியிலேயே நின்றன. கோணேஸ்வரத்துக்கும் போனோம். புறாத்தீவில் எனக்கு நீச்சல் தெரியாததால் மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு, முழுக்கைச் சட்டையும் லெக்கிங்ஸுமாக இறங்கினேன். முகத்தைத் தண்ணீருக்குள் வைத்த நொடியில், நிறம் நிறமாக மீன்கள். இணையர் மிதப்பதற்கே பயந்து கரையோரம் நின்றார். யார் யாரைக் கூட்டிப் போனது என்று அன்றைக்கு யாராவது கேட்டிருக்க வேண்டும்.

நாங்கள் தங்கிய வீட்டில் சமைத்த அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தீவு எப்படி என்று கேட்டார். மீன்களைப் பற்றிச் சொன்னேன். "நான் ஒருநாளும் போகேல்லை, பிள்ளை" என்றார். சமையலறை ஜன்னலில் அந்தத் தீவு தெரிந்தது. "போறண்டா ஆர் சமைக்கிறது?" என்று சிரித்துக்கொண்டே மீன் குழம்பை இறக்கி வைத்தார். ஒரு கிலோமீட்டர் கடல். அவர் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கும் கடல். நாடு தாண்டிப் போன நான் தொட்டுவிட்டு வந்த தீவை அவர் தொடவில்லை. எனக்கு ஒரு சம்பளமும் ஷீட்டும், பேசினால் காதுகொடுக்கும் ஒரு இணையரும் இருந்தார்கள். அவருக்கு அடுத்த வேளை உலை இருந்தது.

இப்போது கல்யாணம் நிச்சயமான தோழிகள் அந்த ஷீட்டை அனுப்பச் சொல்லிக் கேட்கிறார்கள். அனுப்புகிறேன். விமானம், ரயில், படகு எல்லாவற்றுக்கும் மேலே இரண்டு வரிசைகளைப் புதிதாகச் சேர்த்திருக்கிறேன். ஒன்று: தேதி உன் உடம்புக்குச் சரிவருமா, இல்லையென்றால் யாருடைய விடுப்பு மாறும்? இரண்டு: வேண்டாம் என்று தோன்றினால் என்ன செய்வது என்று இருவரும் பேசியாயிற்றா? டிக்கெட் விலை நாளுக்கு நாள் ஏறும் என்பது உண்மைதான். இருந்தாலும் இந்த இரண்டையும் நிரப்பிவிட்டுக் கீழே வாருங்கள்.