சினை நண்டும் சீமைச் சந்தையும்

யாழ்ப்பாணத்துச் சமையலில் நண்டுக்குள்ள மதிப்பை எம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. முருங்கையிலை தூவி இறக்கிய நண்டுக் கறியும், ஒடியற் கூழில் மிதக்கும் நண்டுக் காலும் புறப்பட்ட விருந்தினரையும் இருத்தி வைக்கும். ஆயினும் இக்காலத்தில் நல்ல நண்டு எமது சட்டிக்கு வருமுன்னரே கடல் கடந்து விடுகின்றது.

பாக்கு நீரிணை, மன்னார்க் கடல், யாழ்ப்பாணக் கடனீரேரி ஆகிய இடங்களில் வலையிற் படும் நீலக்கால் நண்டுகளை வியாபாரிகள் கரையிலேயே கொள்வனவு செய்கின்றனர். தொழிற்சாலைகளில் அவற்றை அவித்து, ஓடு நீக்கித் தசையைப் பிரித்தெடுப்போர் பெரும்பாலும் பெண்களே. அத்தசை பேணிகளில் அடைபட்டு அமெரிக்காவுக்குச் செல்கின்றது.

இதனைக் கண்டு வயிறெரிவோர் உளர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. கரையில் நல்ல விலை கிடைத்தாற்றான் வலைஞர் வீட்டில் அடுப்பெரியும். ஓட்டின் கூர் விரலைக் கீற, நண்டுடைத்துப் பெறும் கூலியிலே பிள்ளைகளைப் படிப்பிக்கும் தாய்மாரையும் நாம் அறிவோம்.

எம்மைச் சிந்திக்கச் செய்வது வேறொன்று. ஏற்றுமதிக்கு வாங்குவோருட் பலர் சிறு நண்டையும் சினை நண்டையும் ஏற்பதில்லை. கடல்வளம் குன்றாவண்ணம் பிடித்த நண்டே வேண்டுமென்று பிறநாட்டு வணிகர் கேட்பதே காரணம். அவர் தள்ளியவை எங்கே போகின்றன? எமது சந்தைக்கே வருகின்றன. சினையிருந்தாற் சுவையென்று விலை பேசி வாங்குவோரும் உண்டு. ஒரு பெண் நண்டு தன் வயிற்றின்கீழ்ச் சுமப்பதோ இலட்சக்கணக்கான முட்டைகளை! செம்மஞ்சளாயிருக்கும் அத்திரள், பொரிக்குங் காலம் நெருங்க நெருங்கக் கறுத்து வரும். சட்டியில் விழுவது ஒரு நண்டன்று. நாளைய வலைக்குரிய நண்டுகளுமாம்.

ஆழ்கடல் மீன் விடயத்திலும் இவ்வாறே நிகழ்ந்தது. இலங்கை மீனுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே தடை விதித்தது. எல்லைக்கப்பாற் செல்லும் எமது பலநாட் கலங்களைக் கண்காணிக்கப் போதிய ஒழுங்கில்லை என்பது அதன் குற்றச்சாட்டு. அதன்மேல் கலங்களில் இருப்பிடங் காட்டுங் கருவிகளைப் பொருத்தினர், தண்டனைகளையும் கடுமையாக்கினர். 2016 இல் தடை நீங்கிற்று. பிறர் கதவடைத்த பின்னரே இத்துணை விரைவு பிறந்தது.

எனினும் பிறர் சொன்னாலன்றி நாம் விழிப்பதில்லை என்று கூறுதல் நீதியன்று. அடிக்கடலை வாரும் இழுவை வலைத் தொழிலை 2017 இல் எமது நாடாளுமன்றம் சட்டத்தாற் றடை செய்தது. அதற்காக நெடுங்காலம் குரலெழுப்பியவர்கள் வடபகுதி மீனவரே. கடலைக் காக்கும் அறிவு கரையிலே இருக்கின்றது; சந்தையிலும் அது வேண்டும்.

ஆதலால், சகோதரிகளே, நண்டு வாங்கும்போது அதனைப் புரட்டிப் பாருங்கள். வயிற்றில் முட்டைத்திரள் கண்டால் வேண்டாமென்று சொல்லுங்கள். வாங்குவாரில்லையெனின், வலையிலிருந்து உயிரோடு கழற்றிய சினை நண்டைக் கடலிலே விட மீனவர்க்கும் மனம் வரும். அமெரிக்கர் விருந்துக்கு ஒரு நீதி, எமது சட்டிக்கு வேறொரு நீதி என்றிருத்தல் தகாது.