தெருமுனை ஓசை

மறைந்த தந்தையின் மாருதி ஜிப்சிக்குப் புதிய ஹெடர் பொருத்தினான், புனேயில் வாழும் மகன், வீட்டு வாசலிலேயே. ஹெடரில் ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் குழாய். 1-3-4-2 என்னும் எரிவரிசையில் ஒன்றின் புகை விரைந்து வெளியேறுகையில் அடுத்ததன் புகையையும் இழுத்துச் செல்லும். எஞ்சினின் சுமை குறையும். துருவேறிய ஸ்டட் ஒன்று முறிந்து சிலிண்டர் ஹெட்டுக்குள் தங்கியது. மெக்கானிக் வந்து துளையிட்டு எடுத்தார்.

பதிவுச் சான்றின் விவரங்கள் உற்பத்தியாளர் குறித்தவற்றிலிருந்து மாறலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஓசை அச்சான்றில் எழுதப்படுவதில்லை.

அன்று மாலை வீட்டுக் கதவு திறந்திருக்கவில்லை. தெருமுனையிலேயே வண்டியின் ஓசையை அறிந்து திறந்து வைக்கும் தாய்க்கு, வந்தது வேறு யாரோ.

அடுத்த ஞாயிறன்று பழைய மேனிஃபோல்டு மீண்டும் ஏறியது.