பந்தி கற்பிக்கும் பாடம்

மதுரைக்குச் செல்வோர் மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மகாலையும் கண்டு மகிழ்வர். நாம் அவற்றோடு நில்லாமல், வைகையின் வடபுறத்தில் அண்ணா நகர் வரை சென்றோம். அரவிந்த் கண் மருத்துவமனையைக் காண்பதே நம் நோக்கம்.

1976-ஆம் ஆண்டில், வாடகை வீடொன்றில், 11 படுக்கைகளுடன் இதனைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி. அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணியவர். அவ்விரல்களே ஆயிரமாயிரம் கண்களுக்கு ஒளியூட்டின!

கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளோ எண்ணற்றோர். மருத்துவர்களோ மிகச் சிலர். என் செய்வது? அமெரிக்க நாட்டின் மெக்டொனால்டு உணவகங்கள் எங்கும் ஒரே தரமான உணவை விரைவாகவும் மலிவாகவும் வழங்குவதை அவர் உற்று நோக்கினார்.

நம் திருமண வீட்டுப் பந்தியும் இதனையே கற்பிக்கின்றதன்றோ? முதற்பந்தி உண்ணும்போதே அடுத்த பந்திக்கு வேண்டியவை ஆயத்தமாகின்றன. அவ்வாறே இங்கும் ஒரு மேசையில் அறுவை நிகழும்போதே பக்கத்து மேசையில் அடுத்த நோயாளி ஆயத்தமாயிருக்கிறார். பயிற்சி பெற்ற கிராமப் பெண்கள் ஏனைய பணிகளை ஏற்பதால், மருத்துவர் தமக்கே உரிய பணியில் கருத்தூன்றுகிறார். பதற்றமும் இல்லை, வீண் பொழுதும் இல்லை.

கண்ணுள் பொருத்தும் வில்லையின் விலை ஏழைக்கு எட்டாதிருந்தது. 1992-இல் ஆரோலேப் என்னும் தொழிற்கூடம் அமைத்துத் தாமே மலிவாகச் செய்யலாயினர். வசதியுள்ளோர் செலுத்தும் கட்டணம் வறியோரின் செலவையும் தாங்குகிறது.

தொழில் நடத்தும் அன்பர்களே! விரைவும் சிக்கனமும் எவர்க்கும் கைகூடும். அவற்றால் மிஞ்சும் நேரத்தையும் பொருளையும் யாருக்கு அளிக்கிறோம்? தலைமையின் உரைகல் அதுவே.